கூண்டில் நின்றவனின் பக்கம்

டோர்செட் பார்க்கில் என்னோடு பக்டரியில் வேலை செய்கிற எங்கட சனத்திடம் கனடாவின் பழைய பிரதமர்களைக் கேட்டால் ட்ரூடோவின் பெயரோடு நின்றுவிடும். 1957 முதல் 1963 வரை பிரதமராயிருந்த ஜோன் டீஃபன்பேக்கரைத் தெரிந்தவர்கள் குறைவு. ஆனால் எங்கட அகதி வழக்குகளுக்கும் அவருக்கும் ஒரு தொடுசல் இருக்கிறது.

1895இல் ஒன்ராறியோவில் ஒரு வாத்தியாரின் மகனாகப் பிறந்தவர். சிறு வயதிலேயே குடும்பம் சஸ்கச்சுவான் பக்கம் போய்விட்டது. தகப்பன் வழியில் வந்த ஜேர்மன் பெயரால் பகிடிக்கு ஆளானவர். முதலாம் உலக யுத்தத்தில் லெப்டினன்டாகி 1916இல் இங்கிலாந்து போனார். போர்முனையைக் காணமுன்னமே, உடல்நிலை சரியில்லையென்று 1917இல் திருப்பி அனுப்பிவிட்டார்கள். 1919இல் வாக்கோ என்ற சின்ன ஊரில் சட்டத்தரணியாகக் கந்தோர் திறந்தார். சுற்றிவரக் குடியேறி வந்த உக்ரேனியர், பிரெஞ்சுக்காரர். குற்ற வழக்குகளில் எதிரிகளுக்காக வாதாடியே பெயர் எடுத்தார். தேர்தல்களில் ஐந்து தரம் தோற்று, 1940இல்தான் நாடாளுமன்றம் போனார்.

அவருடைய வழக்குகளில் என் மனதில் நிற்பது கனூ ரிவர் ரயில் விபத்து வழக்கு. 1950 நவம்பர் 21இல் கொரிய யுத்தத்துக்குப் படையினரை ஏற்றிப்போன ரயில் பிரிட்டிஷ் கொலம்பியா மலைக்குள் இன்னொரு ரயிலோடு மோதியது. செத்தவர்கள் 21 பேர், அதில் 17 பேர் படையினர். எந்த இடத்தில் ஒதுங்கி நிற்பதென்ற ஊர்ப்பெயர் தந்திக் கட்டளையின் ஒரு பிரதியில் விடுபட்டிருந்தது. பழி விழுந்தது அதர்டன் என்ற 22 வயதுத் தந்திக்காரப் பெடியன் மேல். மரணப்படுக்கையில் இருந்த மனைவி எட்னா கேட்டதால் டீஃபன்பேக்கர் வழக்கை ஏற்றார். வேறு மாகாணம் என்பதால் அங்கே வாதாட 1,500 டொலர் கட்டினார். எட்னா 1951 பெப்ரவரியில் காலமானார். மே மாதம் வழக்கு நடந்தது.

இரும்புப் பெட்டிகளுக்கு நடுவில் படையினரை ஏன் மரப்பெட்டியில் ஏற்றினீர்களென்று ரயில் கம்பனி அதிகாரியைக் குடைந்தார். அரச தரப்பு வழக்கறிஞர் எழும்பி, கொரியா போன சில சிப்பாய்களின் சாவைப் பற்றியதல்ல இந்த வழக்கு என்றார். குற்றச்சாட்டு ரயில் ஊழியர் ஒருவரின் சாவைப் பற்றியது என்பதே அவர் சொல்ல வந்தது. ஆனால் சொன்ன விதம் பிழைத்துப்போச்சு. அவரும் பழைய கேணல். டீஃபன்பேக்கர் அதைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. தந்திக் கம்பியில் பனி விழுந்தாலே சொற்கள் விடுபடலாமென்றும் காட்டினார். ஜூரிமார் பெடியனை விடுதலை செய்தார்கள்.

பிரதமராகி 1960இல் கனடிய உரிமைகள் சட்டத்தைக் கொண்டுவந்தார். 1962இல் அவருடைய அரசாங்கம் குடிவரவு விதிகளிலிருந்த இன வேறுபாட்டைப் பெருமளவு நீக்கியது. தூக்குத்தண்டனையை வெறுத்தவர், பலருடைய தண்டனையை அவருடைய அமைச்சரவை குறைத்தது. ஆனாலும் அதே 1962 டிசம்பரில் ரொறன்ரோ டொன் சிறையில் இரண்டு பேரைத் தூக்கிலிட்டார்கள். கனடாவின் கடைசித் தூக்கு அதுதான். அவர் ஏன் அதை விட்டாரென்று எனக்கு விளங்கவில்லை.

உரிமைகள் சட்டத்துக்குப் பல்லில்லையென்று கனபேர் சொன்னார்கள். 1979இல் அவர் காலமானார். அந்த நாளில் அகதியை ஒரு அதிகாரி விசாரிப்பார், முடிவெடுப்பவர்கள் ஆளைக் காணாமல் எழுத்துப் பிரதியை மட்டும் பார்ப்பார்கள். முகத்தைப் பாராமல் எங்கட கதையை எப்படி நம்புவது? நானும் கியரிங்கில் இருந்தவன், அங்கே ஒரு பெருமூச்சுக்கும் அர்த்தமிருக்கு. இந்தியச் சீக்கியர் சிலரும் கயானாக்காரர் ஒருவரும் உச்ச நீதிமன்றம் போனார்கள். 1985 ஏப்ரல் 4இல், ஆளை நேரில் வைத்துக் கேட்க வேண்டுமென்று தீர்ப்பு வந்தது. ஆறு நீதிபதிகளில் மூன்று பேர் 1982ஆம் ஆண்டுச் சாசனத்தைக் காரணம் காட்டினார்கள். மற்ற மூன்று பேரும் காட்டியது டீஃபன்பேக்கரின் 1960ஆம் ஆண்டுச் சட்டத்தை. கனடாவில் ஏப்ரல் 4ஐ அகதிகள் உரிமை நாளென்று நினைவுகூருகிறார்கள், எங்கட வருசப் பிறப்புக்குப் பத்து நாள் முன்னம்.