கதவைத் தட்டிய மாணவர்

1928ஆம் ஆண்டு ஜெர்மானிய அறிஞர் சோமர்பெல்டு சென்னை மாநிலக் கல்லூரிக்கு வந்தார். அவரது அணு நூலைத் தாமே கற்றுத் தேர்ந்திருந்த இளங்கலை மாணவர் சந்திரசேகர், அறிஞர் தங்கியிருந்த விடுதிக்கே சென்று கண்டார். புதிய குவாண்டம் கொள்கையால் அந்நூல் பழையதாகிவிட்டது என்பதை அறிந்து திகைத்தார். ஆனால் அறிஞர், இன்னும் வெளிவராத தம் கட்டுரையின் அச்சுப்படியையே அவரிடம் கொடுத்தார்.

அதைக் கற்று, காம்ப்டன் சிதறல் பற்றிச் சந்திரசேகர் எழுதிய கட்டுரை, கேம்பிரிட்ஜ் அறிஞர் பௌலர் வழியாக 1929இல் இலண்டன் ராயல் கழக இதழில் வெளிவந்தது. பட்டம் பெற்றதோ 1930இல்! 1983இல் நோபல் பரிசு அவரை நாடி வந்தது, 1995இல் மறைந்தார்.

அவர் சர் சி. வி. இராமனின் அண்ணன் மகன். நம்மில் பலர் வீட்டில் நாமே முதல் பட்டதாரி. ஆயினும் நண்பர்களே, ஆசிரியரின் கதவைத் தட்ட உறவுமுறை வேண்டியதில்லை. ஐயம் ஒன்றிருந்தால் போதும். கேட்டவனை நம்பிக் கொடுத்த கையையும் மறவோம்!