ஐயத்தை ஒளிக்காத அடியார்

மோர்மன் என்ற பெயரைக் கேட்டதும் நம்மவரிற் பலருக்கு நினைவில் எழுவது பலதார மணம் ஒன்றே. அதற்கப்பால் அச்சமயத்தை அறிய முயன்றவர் நம்மிடையே சிலராவர். 1830ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில் யோசேப் சிமித் என்னும் இளைஞர் அச்சபையை நிறுவினார். தேவதூதன் காட்டிய பொன்னேடுகளிலிருந்து தாம் மொழிபெயர்த்ததாக அவர் வெளியிட்ட நூலே மோர்மன் நூல். எருசலேமை விட்டுப் புறப்பட்டு, கடல் கடந்து அமெரிக்கா சேர்ந்த ஒரு குடும்பத்தின் வழிவந்தோரது வரலாறாக அது தன்னைக் கூறிக்கொள்கிறது. 1844இல் சிறைக்கூடத்தில் வைத்துச் சிமித்தை ஒரு கும்பல் சுட்டுக் கொன்றது. அவருக்குப் பின் தலைமை ஏற்ற பிரிகம் யங், துரத்தப்பட்ட அம்மக்களை 1847இல் யூட்டாவின் உப்பேரிக் கரைக்கு அழைத்துச் சென்று குடியேற்றினார்.

இச்சமயத்தைத் தாக்கியும் போற்றியும் எழுந்த நூல்கள் ஏராளம். அவ்விருவகை நூல்களிலும் கிடைக்காத ஒன்று, அதனுள்ளேயே நின்று அதனோடு மல்லாடிய ஒருவரின் வாழ்க்கையிற் கிடைக்கிறது. அவர் பெயர் பிரிகம் ஹென்றி றொபேட்ஸ்.

இங்கிலாந்தின் லங்காஷயர்ப் பகுதியிலுள்ள வாறிங்டன் நகரில் 1857 மார்ச் 13ஆந் திகதி அவர் பிறந்தார். தந்தை இரும்புத் தொழிலாளி; குடிப்பழக்கத்துக்கு அடிமையானவர். தாய் மோர்மன் சபையிற் சேர்ந்து, கணவனைப் பிரிந்து, 1862இல் பிள்ளைகளுட் சிலருடன் அமெரிக்காவுக்குக் கப்பலேறினாள். பையனும் அவனுடைய தமக்கையும் பிறர் பொறுப்பில் விடப்பட்டனர். அந்த நான்கு ஆண்டுகளும் பசியும் அடியும் நிறைந்தவை. 1866இல் சபையின் உதவிநிதி கொண்டு இருவரும் லிவர்பூலிலிருந்து புறப்பட்டபோது அவனுக்கு வயது ஒன்பது. மாட்டு வண்டிகளோடு ஆயிரம் மைல் சமவெளியைக் கடந்தார்கள். சப்பாத்தை இழந்த பையன் வழியின் பெரும் பகுதியை வெறுங்காலோடு நடந்தான். எரிந்து கிடந்த ஒரு மனையில் இறந்து கிடந்தவனுடைய சப்பாத்தைக் கழற்றி அணிந்து நகருக்குள் நுழைந்ததைப் பிற்காலத்தில் அவரே எழுதி வைத்திருக்கிறார்.

தாயிடம் சேர்ந்தும் வாழ்வு இலகுவாகவில்லை. பதினொரு வயதளவில்தான் எழுத்துக்கூட்டி வாசிக்கக் கற்றார். சுரங்கப் பாளையங்களில் வேலை செய்தபோது குடியும் சூதும் அவரைப் பற்றிக்கொண்டன. தந்தையை அழித்த அதே வழியில் மகனும் போவான் என்றே அக்காலத்தில் அவரைக் கண்டோர் எண்ணியிருப்பர். பின்பு கொல்லன் ஒருவனிடம் தொழில் பயின்றார். உலைக்களத்தில் வேலை செய்தபடியே கிடைத்த நூல்களையெல்லாம் படித்தார். 1878இல் டெசரற் சர்வகலாசாலையில் ஆசிரியர் பயிற்சியை முடித்து வெளிவந்தபோது வகுப்பில் முதல்வராக நின்றார். இவ்வாறு தாமாகவே கற்றவர்களிடம் ஒரு குணம் உண்டு: தாம் வியர்வை சிந்திப் பெற்ற அறிவை எவருக்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். றொபேட்ஸின் பெருமைக்கும் அவர் பட்ட தொல்லைகளுக்கும் இக்குணமே காரணம் என்று கொள்வதில் தவறில்லை.

அவருடைய துணிவு முதலில் வெளிப்பட்டது தென்மாநிலங்களில். 1884 ஓகஸ்ட் 10ஆந் திகதி தெனசி மாநிலத்தின் கேன் கிறீக் என்னுமிடத்தில், ஞாயிறு வழிபாட்டுக்காகக் கூடிய மோர்மன்களை முகமூடி அணிந்த கும்பலொன்று தாக்கியது. ஊழியர் இருவரும் அவ்வூர் இளைஞர் இருவரும் கொல்லப்பட்டனர்; கும்பலின் தலைவனும் மாண்டான். அப்பகுதி ஊழியத்துக்குத் தற்காலிகத் தலைவராக இருந்தவர் றொபேட்ஸ். புதைக்கப்பட்ட ஊழியரின் உடல்களைப் பெற்றோரிடம் சேர்க்க வேண்டும். அங்கே போனாலோ உயிருக்கு உறுதியில்லை. தாடியை மழித்து, முகத்தில் அழுக்கைப் பூசி, கந்தையணிந்து, ஊர்சுற்றும் கூலியாள்போல அவ்வூருக்குட் சென்றார். உடல்களைத் தோண்டி எடுத்து யூட்டாவுக்கு அனுப்பி வைத்தார். அந்த வேடத்தில் அவர் எடுத்துக்கொண்ட புகைப்படம் இன்றும் இருக்கிறது.

பலதார மணம் அவரையும் விட்டுவைக்கவில்லை. 1878இல் ஒருத்தியையும் 1884இல் மற்றொருத்தியையும் மணந்தார். பின்னர் 1890ஐ ஒட்டிய காலத்தில் மருத்துவரான ஒரு பெண்மணியும் அவருக்கு மனைவியானார். 1882ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் இத்தகைய வாழ்வைக் குற்றமாக்கியிருந்தது. 1886இற் கைதான அவர், பிணையில் வெளிவந்து இங்கிலாந்துக்குச் சென்று ஊழியம் செய்தார். 1888இல் திரும்பியதும் சபையின் எழுபதின்மர் தலைமை மன்றத்தில் அங்கத்தவரானார். அடுத்த ஆண்டு தாமாகவே நீதிமன்றத்திற் சரணடைந்து, குற்றத்தை ஒப்புக்கொண்டு, சில மாதம் சிறையிலிருந்தார்.

1890 செப்டெம்பரில் சபைத் தலைவர் வில்பட் வூட்றவ் பலதார மணத்தை நிறுத்தும் அறிக்கையை வெளியிட்டார். றொபேட்ஸ் அதனைப் புகையிரதப் பயணத்தின்போது பத்திரிகையிற் படித்தார். முதற்கணத்தில் இது சரியே என்று உள்ளம் சொன்னதாம். அடுத்த கணமே, இதற்காகத் தாமும் தம் மக்களும் பட்ட துன்பம் நினைவில் எழுந்து நெஞ்சம் கொந்தளித்தது. தெய்வக் கட்டளை என்று நம்பிச் சிறை புகுந்தவர், அக்கட்டளை அரசின் அழுத்தத்தால் மாறியதாகத் தோன்றும்போது என்ன செய்வார்? நெடுநாட் போராட்டத்தின் பின்னரே அவர் அதனை ஏற்றார். எனினும் ஏற்கெனவே மணந்த மனைவியரைக் கைவிட அவர் உடன்படவில்லை. சட்டம் ஒரு பக்கமும், வாக்குக் கொடுத்த பெண்களும் பெற்ற பிள்ளைகளும் மறுபக்கமுமாக நிற்க, அவர் பின்னதையே தேர்ந்தார். அதற்குரிய விலையை ஒரு பத்தாண்டுக்குள் செலுத்த நேர்ந்தது.

அதற்குமுன் ஒரு செய்தி. 1893இல் சிக்காகோவில் கூடிய சர்வமத மகாசபையை நம்மவர் நன்கறிவர். விவேகானந்தர் அங்கே முழங்கினார். இலங்கையிலிருந்து சென்ற அநகாரிக தர்மபாலர் பௌத்தத்தின் குரலாக நின்றார். கீழைத் தேயச் சமயங்களுக்கெல்லாம் திறந்திருந்த அம்மகாமண்டபம், அமெரிக்க மண்ணிலேயே பிறந்த மோர்மன் சபைக்குத் திறக்கவில்லை. அச்சபையின் சார்பில் றொபேட்ஸ் உரையொன்றை எழுதிக்கொண்டு போயிருந்தார். ஒதுக்குப்புறமான சிறு அறையொன்றில் வாசிக்கலாம் என்றார்கள். அதைவிட வாசியாதிருத்தலே மேல் என்று அவர் மறுத்து, பத்திரிகைகளிற் கண்டனம் எழுதினார். எல்லாச் சமயங்களையும் அரவணைத்ததாக நாம் கொண்டாடும் அச்சபைக்கும் ஓர் எல்லை இருந்தது.

அரசியலில் அவர் நடந்த வழி நேரானதன்று. யூட்டா மாநிலமாகும் தறுவாயில், 1895இல் கூடிய அரசியலமைப்பு மன்றத்தில் பெண்களின் வாக்குரிமையை எதிர்த்து நாட்கணக்கிற் பேசினார். அவரது சபையும் கட்சியும் அவ்வுரிமைக்கு ஆதரவாக இருந்தும் அவர் அசையவில்லை, தோற்றார். மருத்துவம் கற்ற ஒருவரை மனைவியாகக் கொண்டவர் இவ்வாறு வாதாடியது விந்தையே. அவர் துணிவைப் போற்றும் நாம் அவர் கருத்தையும் போற்ற வேண்டியதில்லை.

அடுத்த ஆண்டிலே வேறொரு சோதனை வந்தது. சபையின் உயர் பதவியிலுள்ளோர் அரசியற் பதவிக்குப் போட்டியிட முன்பு தலைமையின் அனுமதி பெறவேண்டும் என்ற விதி எழுதப்பட்டது. சமயத் தலைமை அரசியலை ஆள இது வழிவகுக்கும் என்று அவர் கையொப்பமிட மறுத்தார். வாரக்கணக்காகச் சக ஊழியர் அவரிடம் கண்ணீரோடு மன்றாடினர். பதவி பறிபோகும் தறுவாயில், 1896 மார்ச்சில், அவர் பணிந்தார். அவரைப்போலவே மறுத்த அப்போஸ்தலர் மோசஸ் தட்சர் பணியாமையால் பன்னிருவர் மன்றத்திலிருந்து நீக்கப்பட்டார். இருவருள் யார் செய்தது சரி என்பதை அவரவர் மனச்சாட்சிக்கு விட்டுவிடலாம். றொபேட்ஸ் பணிந்தது அச்சத்தினால் மட்டுமென்று கூற நாம் துணியோம். அச்சபையே அவருக்கு நாடு, வீடு, சுற்றம் எல்லாம். ஒன்பது வயதில் வெறுங்காலோடு நடந்து வந்து அடைந்த இடம் அது.

1898இல் அவர் அமெரிக்கக் காங்கிரசின் பிரதிநிதிகள் சபைக்குத் தெரிவு செய்யப்பட்டார். நாடெங்கும் எதிர்ப்புக் கிளம்பியது. பல மனைவியருடன் வாழ்பவர் சட்டமியற்றும் மன்றத்தில் அமர்வதா என்று கேட்டுத் திரட்டப்பட்ட விண்ணப்பத்தில் எழுபது இலட்சம் கையொப்பங்கள் இருந்ததாகக் கூறப்பட்டது. தேசியக் கொடியாற் போர்த்திய 28 சுருள்களாக அது சபைக்குக் கொண்டுவரப்பட்டது. அவ்வெதிர்ப்பில் முன்னணியில் நின்றவை பெண்கள் சங்கங்கள். வாக்குரிமை பற்றி அவர் ஆற்றிய உரைகளை அவை மறந்திருக்க நியாயமில்லை. 1900 சனவரி 25ஆந் திகதி 268க்கு 50 என்ற வாக்குகளால் அவருக்கு ஆசனம் மறுக்கப்பட்டது.

அரசியற் கதவு மூடியதும் எழுத்து அவரை முற்றாக ஆட்கொண்டது. சபையின் முதல் நூற்றாண்டு வரலாற்றை ஆறு தொகுதிகளாக எழுதி, 1930இல் வெளியிட்டார். சபையினர் எழுதும் சபை வரலாறு பெரும்பாலும் புகழ்மாலையாகவே இருக்கும். றொபேட்ஸோ, சபையினர் மறைக்க விரும்பிய மவுண்டன் மெடோஸ் படுகொலையையும் விரிவாக எழுதினார். அவர் பிறந்த அதே 1857ஆம் ஆண்டில், தென் யூட்டாவில், கலிபோணியாவை நோக்கிச் சென்ற ஏறத்தாழ 120 பிரயாணிகளை மோர்மன் படையினர், பழங்குடியினர் சிலரையும் துணைக்கொண்டு, கொன்ற கொடுமை அது. பிரிகம் யங் அதற்குக் கட்டளையிடவில்லை என்பதே அவரது முடிபு. கொன்றவர்கள் தம் சபையினரே என்பதை மட்டும் அவர் மழுப்பவில்லை. இதற்கிடையே முதல் உலக யுத்தத்தில், அறுபது வயதில், படைக் குருவாகப் பிரான்சுக்கும் போய்வந்தார்.

நாம் நின்று நோக்கவேண்டிய இடம் இனித்தான் வருகிறது. மோர்மன் நூலின் உண்மையை நிலைநாட்டப் பல நூறு பக்கங்களை எழுதியவர் என்ற முறையில், அதன் முதன்மையான வாதியாக அவர் பெயர் பெற்றிருந்தார். 1921இல், அந்நூலை ஆராய்ந்த ஒருவர் எழுப்பிய ஐந்து வினாக்கள் சபைத் தலைமைக்கு வந்து, அவரிடம் ஒப்படைக்கப்பட்டன. எபிரேயர் வழிவந்த ஒரே மக்களிலிருந்து, குறுகிய காலத்துள், அமெரிக்கப் பழங்குடிகளின் எண்ணற்ற வேறுபட்ட மொழிகள் எவ்வாறு தோன்றின? ஸ்பானியர் வருமுன் அந்நாட்டிற் குதிரை இல்லையென்று ஆராய்ச்சியாளர் கூற, நூலிற் குதிரை வருவதெப்படி? உருக்கும் வளைந்த வாளும் பட்டும் எங்கிருந்து வந்தன?

பழைய விடைகளை எடுத்து நீட்டியிருந்தால் அவர் வேலை ஒரு கிழமையில் முடிந்திருக்கும். அவரோ மாதக்கணக்காகப் படித்தார். படிக்கப் படிக்கத் தம் பழைய விடைகளே போதாமல் நின்றன. 141 பக்கங்கொண்ட ஆய்வொன்றை எழுதி, 1922 சனவரியில், தலைவரும் பன்னிருவரும் எழுபதின்மர் மன்றத்தாரும் கூடிய அவையில் இரண்டு நாள் வாசித்தார். இடர்ப்பாடுகள் இவை; விடை தேட உதவுங்கள் என்பதே அவர் வேண்டுகோள். கேட்டவர்கள் ஒருவர்பின் ஒருவராக எழுந்து, அந்நூல் உண்மையானது என்று தம் நம்பிக்கையைச் சாற்றி அமர்ந்தார்கள். கேள்விக்கு விடை வரவில்லை. வினாவைச் சான்றுகளோடு கொண்டுபோனவருக்குச் சாட்சியங்கள் மட்டும் கிடைத்தன. மனம் நொந்த அவர், தம் ஏமாற்றத்தைத் தலைவர் ஹீபர் கிராண்டுக்குக் கடிதமாக எழுதினார்.

அத்தோடு நிற்கவில்லை. மோர்மன் நூல் வெளிவருவதற்கு ஏழாண்டு முன்னர், 1823இல், ஈதன் சிமித் என்னும் போதகர் வெர்மொண்ட் மாநிலத்தில் வெளியிட்ட நூலொன்று உண்டு. அமெரிக்கப் பழங்குடிகள் இஸ்ரவேலின் வழிவந்தோர் என்பது அதன் வாதம். அதனையும் மோர்மன் நூலையும் பக்கத்துக்குப் பக்கம் ஒப்பிட்டு, பதினெட்டு ஒற்றுமைகளை நிரற்படுத்தினார். யோசேப் சிமித்தின் கற்பனை இத்தகைய நூலை ஆக்கவல்லதா என்ற வினாவையும் தாமே எழுப்பி, ஆக்கவல்லதே என்ற பக்கத்துக்குரிய காரணங்களை ஒளியாமல் எழுதினார். இவை தம் முடிபுகளல்ல, தலைவர்கள் அறிந்திருக்க வேண்டிய தடைகள் என்று கடிதமொன்றிற் குறித்து வைத்தார். அவ்வாய்வு அச்சேறியது 1985இல்.

அவர் நம்பிக்கையை இழந்தாரா? அச்சேறிய நாள்முதல் அறிஞர் இரு பிரிவாக நின்று வாதிடுகின்றனர். உள்ளூரத் துறந்துவிட்டார் என்பர் ஒரு சாரார்; எதிரியின் வாதத்தை எழுதிப் பார்க்கும் வழக்கறிஞனின் பயிற்சியே அது என்பர் மறுசாரார். அவ்வாய்வை எழுதிய அதே 1922இல் நியூயோர்க்குக்குச் சென்று, கீழ்மாநில ஊழியத்தின் தலைவராக ஐந்தாண்டு இருந்தார். மோர்மன் நூலையே கையிற்கொண்டு இளம் ஊழியரைப் பயிற்றினார். பகலில் அந்நூலைப் போதித்து, இரவில் அதற்கெதிரான சான்றுகளை நிறுத்துப் பார்த்த ஒருவரைக் கபடர் என்று சொல்வது இலகு. நமக்கோ, நம்பிக்கை உண்மையானதாயின் அது சோதனையைத் தாங்கும் என்று நம்பியவராகவே அவர் தோன்றுகிறார். தாங்கியதா என்பது அவரோடு போய்விட்டது.

இறுதியாக எழுதிய பெருநூலுக்கு உண்மை, வழி, வாழ்வு என்று பெயரிட்டார். பூமியின் தொன்மையையும், ஆதாமுக்கு முன்னரே உயிர்களுக்கு இறப்பு இருந்ததையும் புவியியல் காட்டும்போது அதனை மறுக்கலாகாது என்றார். அப்போஸ்தலர் யோசேப் பீல்டிங் சிமித் அதனைக் கடுமையாக எதிர்த்தார். 1931 சனவரியில் இருவரும் பன்னிருவர் முன் தத்தம் கட்டுரையை வாசித்தனர். ஏப்ரிலில் தலைமை அளித்த தீர்ப்பு, புவியியலையும் உயிரியலையும் விட்டுச் சபையின் போதனையைக் கவனியுங்கள் என்பதாயிற்று. அவ்வதிகாரத்தை நீக்கினால் நூல் அச்சாகும் என்ற நிலை. 1896இற் பணிந்தவர் இம்முறை பணியவில்லை. நூல் பெட்டியில் உறங்கி, 1994இல் வெளிவந்தது.

நீரிழிவு அவர் காலொன்றைப் பறித்திருந்தது. அந்நிலையிலும் 1933இல் சிக்காகோவிற் கூடிய சமயங்களின் உலக மகாநாட்டுக்குச் சென்றார். நாற்பதாண்டுக்கு முன் வாசிக்க விடாத அதே நகரில் இம்முறை மேடையேறிப் பேசினார். வீடு திரும்பிய சின்னாட்களில், 1933 செப்டெம்பர் 27ஆந் திகதி, சோல்ட் லேக் நகரிற் காலமானார்.