சொகுசு கார் மைலேஜ் முதல் கிணத்து மேட்டு ஆயில் இன்ஜின் வரை... யார் இந்த ருடால்ஃப் டீசல்?

திண்டிவனம் தாண்டி விழுப்புரம் போகும் வழியில், விக்கிரவாண்டி டோல்கேட்டில் வண்டி நிற்கும்போது சுற்றிலும் பாருங்க. முன்னாடி சரக்கு லாரி, பின்னாடி விழுப்புரம் கோட்ட அரசுப் பேருந்து, பக்கத்து லேனில் ஒரு ஜெர்மன் சொகுசு செடான். விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஆனா அந்த செடான் டீசல் வண்டின்னா, மூணுக்கும் அடிப்படை ஒரே மனுஷனோட யோசனைதான்.

பங்க்கில் தினமும் நாம சொல்ற 'டீசல்' என்பது எரிபொருளின் பெயராகப் பிறந்ததில்லை. அது ஒரு இன்ஜினீயரின் குடும்பப் பெயர். ருடால்ஃப் டீசல். எரிபொருள் வீணாவதைப் பார்த்துப் பொறுக்க முடியாதவர். கடைசியில் சொந்தக் கணக்கைத்தான் அவரால் நேர்செய்ய முடியவில்லை.

போர் துரத்திய சிறுவன்

1858 மார்ச் 18-ம் தேதி பாரிஸில் பிறந்தார் ருடால்ஃப். பெற்றோர் ஜெர்மானிய வம்சாவளி. அப்பாவுக்குத் தோல் பொருள் செய்யும் தொழில். 1870-ல் பிரான்ஸுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டதும் குடும்பம் லண்டனுக்குக் கிளம்ப வேண்டிய நிலை. 12 வயது ருடால்ஃபை அங்கிருந்து ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் இருந்த உறவினர் வீட்டுக்குத் தனியாக அனுப்பி வைத்தார்கள்.

படிப்பில் படுசுட்டி. மியூனிக் தொழில்நுட்பக் கல்லூரியில் அவருக்குக் கிடைத்த ஆசிரியர் கார்ல் வான் லிண்டே, குளிர்பதனத் துறையின் முன்னோடி. அவரது வகுப்பில் தெரிந்துகொண்ட ஒரு விஷயம் ருடால்ஃபை விடாமல் துரத்தியது. அன்றைய நீராவி இன்ஜினில் 100 பங்கு நிலக்கரியைப் போட்டால், 10 பங்குகூட வேலையாக மாறுவதில்லை. மிச்சமெல்லாம் வெறும் சூடாகக் காற்றில் போயிடும்.

படிப்பு முடிந்து லிண்டேயின் ஐஸ் தயாரிப்புத் தொழிலில் வேலை பார்த்தார். பகலில் குளிர் இயந்திரம், மனசுக்குள் வெப்ப இயந்திரம். இப்படியே 10 வருஷத்துக்கும் மேல் ஓடியது.

சைக்கிள் பம்பில் இருக்கும் ரகசியம்

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடும், கவனிச்சிருக்கீங்களா? காற்றை அழுத்தினால் சூடாகும். ருடால்ஃபின் யோசனை இதுதான்: காற்றைப் பயங்கரமாக அழுத்தி, அந்தச் சூட்டிலேயே எரிபொருளைப் பற்ற வைத்தால் என்ன? ஸ்பார்க் பிளக்கே தேவையில்லை.

சாதாரண பெட்ரோல் இன்ஜின் காற்றையும் பெட்ரோலையும் கலந்து 10 மடங்கு, 12 மடங்கு வரை அழுத்தும். அதற்கு மேல் போனால் கலவை முன்கூட்டியே வெடித்து இன்ஜினைப் பதம் பார்த்துவிடும். டீசல் இன்ஜின் வெறும் காற்றை மட்டும் அழுத்துவதால் 15 மடங்கு, அதற்கு மேலும் போகலாம். அழுத்தம் கூடினால், அதே எரிபொருளில் கூடுதல் வேலை கிடைக்கும். கூடவே, ஒரு லிட்டர் டீசலில் பெட்ரோலைவிட 10 சதவிகிதத்துக்கு மேல் ஆற்றல் அதிகம். பெரிய டீசல் செடான், அதே அளவு பெட்ரோல் செடானைவிட நல்ல மைலேஜ் தருவதன் ரகசியம் இதுதான்.

வெடித்த சோதனை, ஜெயித்த இன்ஜின்

இந்த யோசனைக்கு 1893-ல் காப்புரிமை கிடைத்தது. ஆக்ஸ்பர்க் இயந்திரத் தொழிற்சாலையும் க்ரூப் நிறுவனமும் கைகொடுத்தன. அதே ஆண்டு ஆகஸ்ட் 10-ல் நடந்த முதல் சோதனையிலேயே அழுத்தம் தாங்காமல் ஒரு கருவி வெடித்துச் சிதறியது. ருடால்ஃப் மயிரிழையில் தப்பினார்.

இன்னும் மூன்றரை வருஷப் போராட்டம். 1897 பிப்ரவரியில் பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் இன்ஜினை ஓட்டிப் பார்த்து அளந்தார். எரிபொருள் ஆற்றலில் சுமார் 26 சதவிகிதம் வேலையாக மாறியிருந்தது. நீராவி இன்ஜினோடு ஒப்பிட்டால் இரண்டு மடங்குக்கும் மேல். அமெரிக்க உரிமையை பீர் அதிபர் அடால்ஃபஸ் புஷ் 10 லட்சம் மார்க் கொடுத்து வாங்கினார். ஒரே வருஷத்தில் ருடால்ஃப் கோடீஸ்வரர்.

கடலை எண்ணெயில் ஓடியது!

1900 பாரிஸ் உலகக் கண்காட்சியில் ஒரு சிறிய டீசல் இன்ஜின் கடலை எண்ணெயில் ஓடிக்காட்டியது. ஆமா, நம்ம ஊர் கடலை எண்ணெயேதான். ஆப்பிரிக்க காலனிகளில் நிலக்கடலை அபரிமிதமாக விளைந்ததால் பிரெஞ்சு அரசுக்கு இதில் ஆர்வம்.

திண்டிவனம் பக்கத்து ஆட்களுக்கு இது ரொம்ப நெருக்கமான விஷயம். அந்தக் காலத்தில் தென்னாற்காட்டு நிலக்கடலை, புதுச்சேரி துறைமுகம் வழியாக பிரான்ஸின் மார்செய் நகருக்கு மூட்டை மூட்டையாகப் போய்க்கொண்டிருந்தது. இன்றைக்கும் எண்ணெய் வித்துகள் ஆராய்ச்சி நிலையம் திண்டிவனத்தில் இருக்கிறது. டி.எம்.வி 2, டி.எம்.வி 7 நிலக்கடலை ரகங்களில் வரும் 'டி.எம்.வி' என்பதே திண்டிவனத்தைக் குறிப்பதுதான்.

விளையும் எண்ணெயிலேயே விவசாயி இன்ஜின் ஓட்டலாம் என்று ருடால்ஃப் நம்பினார். பெரிய ஆலைகளிடம் தோற்றுப்போகும் சிறு பட்டறைக்காரருக்குச் சின்ன இன்ஜின் கைகொடுக்கும் என்பதும் அவர் கனவு. தொழிலாளர் கூட்டுறவு பற்றி 1903-ல் ஒரு புத்தகமே எழுதினார். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

காணாமல் போன இரவு

வந்த பணம் தங்கவில்லை. காப்புரிமை வழக்குகள், உடல்நலக் குறைவு, கைவிட்ட ரியல் எஸ்டேட், எண்ணெய் வயல் முதலீடுகள்... கடன் கழுத்தை நெரித்தது.

1913 செப்டம்பர் 29 மாலை, ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் டிரெஸ்டன் என்ற கப்பலில் இங்கிலாந்துக்குக் கிளம்பினார். இரவு சாப்பிட்டுவிட்டு அறைக்குப் போனார். காலையில் அறையில் ஆள் இல்லை. படுக்கை கலையவே இல்லை. சில நாள் கழித்து கடலில் கிடைத்த ஒரு உடலின் பொருட்களைப் பார்த்து, அது அப்பாதான் என்று மகன் உறுதி செய்தார். கொலை என்று பல கதைகள் கிளம்பின. ஆனால், அவர் மனைவிக்குத் தெரியவந்தது காலியான வங்கிக் கணக்குகள்தான். வயது 55.

அதற்குப் பிறகு...

1936-ல் பெர்லின் கண்காட்சியில் மெர்சிடிஸ் பென்ஸ் 260 டி வந்தது. 45 குதிரைத்திறன்தான். ஆனா 100 கிலோமீட்டருக்கு சுமார் 9.5 லிட்டர் போதும். அதே நிறுவனத்தின் பெட்ரோல் கார் சுமார் 13 லிட்டர் குடித்தது. டாக்ஸிக்காரர்கள் விடுவார்களா? 2006-ல் ஆடியின் டீசல் ரேஸ் கார் லீ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தையே ஜெயித்தது. வேகம், மைலேஜ் இரண்டும் ஒரே வண்டியில் சாத்தியம் என்று உலகம் நம்பியது.

இதற்கு ஒரு விலை இருந்தது. மைலேஜைத் தரும் அதே கடும் சூடுதான் நைட்ரஜன் ஆக்ஸைடு புகையையும் உருவாக்குகிறது. 2015-ல் புகைச் சோதனையை ஏமாற்றும் மென்பொருளுடன் ஃபோக்ஸ்வேகன் சிக்கியது. அதே ஆண்டு டிசம்பரில் 2,000 சி.சி, அதற்கு மேற்பட்ட டீசல் கார்களின் பதிவுக்கு டெல்லி வட்டாரத்தில் உச்ச நீதிமன்றம் தற்காலிகத் தடை போட்டது. நேரடியாக அடி வாங்கியது சொகுசு கார்கள்தான்.

சிறு மனிதர்களுக்காக ருடால்ஃப் கண்ட கனவு? அது இந்த ஊர்ப் பக்கம் கொஞ்சம் பலித்தது. கரன்ட் வராத காலத்தில் கிணத்து மேட்டில் தடதடத்து, கடலைக்கும் கரும்புக்கும் தண்ணீர் இறைத்துக் கொடுத்த ஆயில் இன்ஜினும் அவர் யோசனைதான். அதை ஓட்டிய விவசாயியும் லிட்டருக்கு எத்தனை மணி நேரம் ஓடும் என்றுதான் கணக்குப் பார்த்தார். இன்று விழுப்புரம் டிப்போவில் டிரைவர் பார்க்கும் கே.எம்.பி.எல் கணக்கும், ஷோரூமில் செடான் வாங்குபவர் கேட்கும் மைலேஜ் கேள்வியும் வேறொன்றுமில்லை. மியூனிக் வகுப்பறையில் ஒரு மாணவனைத் துரத்திய அதே கேள்விதான்.