27 வயதில் அணைந்த இசை விளக்கு: எஸ். ஜி. கிட்டப்பாவின் கதை

ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து தெற்கே போகும் சாலையில் பஸ் ஏறினால், வலது கைப்பக்கம் மேற்கு மலை கூடவே வரும். ராஜபாளையத்துக்கு மேற்கே, அந்த மலையின் அடிவாரத்தில் அய்யனார் கோவில் இருக்கிறது. அதையும் தாண்டித் தெற்கே சேத்தூர், சிவகிரி, புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி என்று ஊர்கள் வரிசையாக வரும். பிறகு, குற்றாலத்துச் சாரல் அடிக்கும் செங்கோட்டை.

இந்த மலையடிவாரம் பாட்டுக்குப் பேர்போனது. ஆண்டாள் பிறந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். காவடிச்சிந்து பாடிய அண்ணாமலை ரெட்டியார், சங்கரன்கோவில் பக்கத்துச் சென்னிகுளத்துக்காரர். தென் மாவட்டங்களில் கோவில் திருவிழா வந்தால், இன்றும் பல ஊர்களில் விடிய விடிய "வள்ளி திருமணம்" நாடகம் நடக்கிறது.

அந்த நாடகத்தில் முருகனாக வந்து, தமிழ்நாட்டையே சொக்க வைத்த ஒருவர் இருந்தார். அவர் பிறந்த ஊர்தான் செங்கோட்டை. அவர் பெயர் எஸ். ஜி. கிட்டப்பா.

அவர் வாழ்ந்தது 27 ஆண்டுகளே!

வறுமையில் பிறந்தார்

1906-ம் ஆண்டு ஆகஸ்டு 25-ந் தேதி கிட்டப்பா பிறந்தார். தந்தை கங்காதர அய்யர். தாய் மீனாட்சி அம்மாள். பெற்றோர் இட்ட பெயர் ராமகிருஷ்ணன். வீட்டில் செல்லமாகக் "கிட்டன்" என்று கூப்பிட்டார்கள். அதுவே கிட்டப்பா என்று நிலைத்துவிட்டது.

அப்போது செங்கோட்டை, திருவிதாங்கூர் ராஜ்யத்தைச் சேர்ந்திருந்தது. (1956-ல்தான் அது தமிழ்நாட்டுடன் இணைந்தது.)

குடும்பம் பெரியது. வருமானமோ சிறியது. நாடகக் கம்பெனியில் சேர்ந்தால் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கிடைக்கும், தொழிலும் கிடைக்கும். ஆகவே, கிட்டப்பாவின் அண்ணன்மார் நாடகத்தில் சேர்ந்தார்கள். பின்னாலேயே கிட்டப்பாவும் போனார்.

அவர்கள் போய்ச் சேர்ந்த இடம் சாதாரண இடம் அல்ல. தமிழ் நாடகத் தலைமை ஆசிரியர் என்று போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகளின் சபை அது. "வள்ளி திருமணம்", "கோவலன்", "பவளக்கொடி" முதலிய நாடகங்களை எழுதியவர் அவர்தான்.

கிட்டப்பா முதன்முதலாக மதுரையில் மேடை ஏறினார். அப்போது அவருக்கு ஐந்தாறு வயது. பள்ளிக்கூடத்தில் அரிச்சுவடி படிக்க வேண்டிய வயதில், அரிதாரம் பூசிக்கொண்டார்.

மகரக்கட்டு

அந்த நாளில் நாடகக் கம்பெனிகளில் சிறுவர்களே எல்லா வேடமும் போடுவார்கள். ராஜாவும் சிறுவன். ராணியும் சிறுவன். வாத்தியார் சொல்லிக் கொடுப்பதை அப்படியே மனப்பாடம் செய்ய வேண்டும். பாட்டு, வசனம், நடை எல்லாம் அங்கேயே பாடம்.

இந்தச் சிறுவர்களுக்கு ஒரு பெரிய ஆபத்து உண்டு. பதின்மூன்று, பதினான்கு வயது ஆகும்போது குரல் உடையும். இதை நாடகக்காரர்கள் "மகரக்கட்டு" என்பார்கள். நேற்று வரை குயில் போலப் பாடியவன், இன்று வாய் திறந்தால் கரகரக்கும். பாட்டுப் போனால் வேடம் போயிற்று. வேடம் போனால் பிழைப்புப் போயிற்று. எத்தனையோ பிள்ளைகள் இப்படி மேடையை விட்டு மறைந்தார்கள்.

கிட்டப்பாவின் குரலோ வளர்ந்த பிறகும் வானத்தைத் தொட்டது.

அந்தக் காலத்து மேடையில் "மைக்" கிடையாது. கீற்றுக் கொட்டகை. ஆயிரக்கணக்கான ஜனம். முன்னால் தரையில் இருப்பவனுக்கும் கேட்க வேண்டும். கடைசியில் வேலி ஓரம் நிற்பவனுக்கும் கேட்க வேண்டும். ஆகையால் நடிகர்கள் உச்ச சுருதியில்தான் பாடியாக வேண்டும். பலர் அந்த உயரத்தில் கத்துவார்கள். கிட்டப்பா அந்த உயரத்தில் பாடினார். சங்கதிகள் மின்னல் போல உதிரும். சுருதி இம்மி விலகாது.

இத்தனைக்கும் அவர் ஒரு வித்துவானிடம் குருகுலவாசம் இருந்து சங்கீதம் படித்தவர் அல்ல. ஒரு முறை கேட்டதைப் பிடித்துக்கொள்ளும் காதும், நாடக மேடையுமே அவருக்குக் குரு.

கன்னையா கம்பெனியில்

பிறகு கிட்டப்பா, கன்னையாவின் நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். காட்சி ஜோடனைக்குப் பேர்போன கம்பெனி அது. அங்கே நடந்த "தசாவதாரம்" நாடகத்தைப் பார்க்கக் கூட்டம் அலைமோதியது. அதில் பரதனாகவும் இன்னும் பல வேடங்களிலும் கிட்டப்பா வந்தார்.

நாடகத்தில் தியாகராஜ சுவாமிகளின் கீர்த்தனைகளையும் பாடினார். "எவரனி" என்ற கீர்த்தனை, கிட்டப்பா பாடிய பிறகே பாமர மக்களிடம் பரவியது. சபையில் பெரிய மனிதர்கள் மட்டும் கேட்டு வந்த சங்கீதம், தரை டிக்கெட் வாங்கியவனின் காதுக்கும் வந்தது. வண்டிக்காரரும் அதை முணுமுணுத்தார்.

"ஒன்ஸ்மோர்!" என்று ரசிகர்கள் கூச்சலிடுவார்கள். கிட்டப்பா மறுபடியும் பாடுவார். ஆனால் முன்பு பாடியது போலவே பாடமாட்டார். புதிதாக ஏதாவது செய்து காட்டுவார். அதைக் கேட்கவே மறுநாளும் ஜனங்கள் வந்தார்கள்.

கொழும்பில் சந்திப்பு

இதே காலத்தில், இன்னொரு குரலும் ஊர் ஊராக முழங்கிக் கொண்டிருந்தது. அது கொடுமுடியைச் சேர்ந்த கே. பி. சுந்தராம்பாளின் குரல். 1908-ல் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். சின்ன வயதில் ரெயிலில் பாடிக் காசு சேர்த்தவர் என்று சொல்வார்கள். அவரும் நாடகத்தில் சேர்ந்து புகழ் பெற்றார்.

சுந்தராம்பாள் இலங்கைக்குப் போய் நாடகம் நடித்து வந்தார். கிட்டப்பாவும் அங்கே போனார். 1926-ல் கொழும்பில் இருவரும் ஒரே மேடையில் தோன்றினார்கள். நாடகம், "வள்ளி திருமணம்". அவர் முருகன், இவர் வள்ளி.

அது நாடகமா, போட்டியா என்று ஜனங்களுக்குத் தெரியவில்லை. அவர் ஒரு பாட்டுப் பாடுவார். இவர் அதற்கு மேலே ஒரு படி ஏறுவார். தர்க்கம் வளரும். பொழுது விடிந்துவிடும்.

மேடையில் தொடங்கிய அன்பு வாழ்க்கையிலும் தொடர்ந்தது. 1927-ல் இருவரும் மணம் செய்துகொண்டார்கள்.

ஆனால், கிட்டப்பாவுக்கு முன்பே கலியாணம் ஆகியிருந்தது. முதல் மனைவி கிட்டம்மாள் செங்கோட்டையில் இருந்தார். ஒரு பக்கம் குடும்பம், மறுபக்கம் காதல். இரண்டு பெண்களுக்கும் நிம்மதி இல்லை. கிட்டப்பாவுக்கும் இல்லை.

புகழும் பிரிவும்

கிட்டப்பா சொந்தமாக ஸ்ரீ கானசபா என்ற நாடக சபையைத் தொடங்கினார். கிட்டப்பா - சுந்தராம்பாள் ஜோடி என்றால் கொட்டகை நிரம்பி வழிந்தது. இசைத்தட்டுகளும் வெளிவந்தன. தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடம், மூன்றரை நிமிடம்தான் பாட முடியும். மேடையில் ஒரு பாட்டையே நெடுநேரம் பாடுகிறவர், அந்த மூன்று நிமிடத்துக்குள் தன் வித்தையை அடக்கிக் கொடுத்தார்.

சுதந்திரப் போராட்டம் நடந்த காலம் அது. இருவரும் கதர் உடுத்தினார்கள். மேடையில் தேசியப் பாடல்களைப் பாடினார்கள்.

புகழ் ஏற ஏற, வீட்டில் அமைதி குறைந்தது. மனஸ்தாபம் வந்தது. பிரிவும் வந்தது. சுந்தராம்பாளுக்குப் பிறந்த குழந்தையும் நிலைக்கவில்லை. செங்கோட்டையில் இருந்த கணவருக்கு அவர் கடிதம் மேல் கடிதம் எழுதினார். அந்தக் கடிதங்களில் சில இன்றும் இருக்கின்றன. கோபம், கெஞ்சல், பாசம் எல்லாம் அவற்றில் உண்டு.

இதற்கிடையே குடிப்பழக்கம் கிட்டப்பாவைப் பிடித்துக்கொண்டது. இரவெல்லாம் உச்ச சுருதியில் பாட்டு, பகலில் பயணம், அதன் மேல் குடி. எந்த உடம்பு தாங்கும்? மகரக்கட்டால் அசைக்க முடியாத அந்தக் குரலை, மது அசைத்துவிட்டது. நோய் முற்றியது. வைத்தியம் பலிக்கவில்லை.

1933-ம் ஆண்டு டிசம்பர் 2-ந் தேதி கிட்டப்பா காலமானார். அவருக்கு வயது 27.

வெள்ளைச் சேலை

சுந்தராம்பாளுக்கு அப்போது வயது 25. அன்று உடுத்திய வெள்ளைச் சேலையை அவர் கடைசி வரை மாற்றவில்லை. நகைகளைக் கழற்றிவிட்டார். இனி எந்த ஆணுடனும் ஜோடியாக நடிப்பதில்லை என்று உறுதி எடுத்துக்கொண்டார்.

பட முதலாளிகள் தேடி வந்தார்கள். 1935-ல் "நந்தனார்" படத்தில் நடிக்கச் சம்மதித்தார். போட்டது என்ன வேடம்? நந்தனாரின் ஆண் வேடம்! சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். அந்த நாளில் யாரும் கேட்டிராத தொகை. 1951-ல் சென்னை சட்ட மேலவை உறுப்பினர் ஆனார். 1953-ல் வந்த "அவ்வையார்" படம் அவரை வீட்டுக்கு வீடு கொண்டு சென்றது. 1980-ல் அவர் மறைந்தார். கணவர் இறந்த பிறகு 47 ஆண்டுகள் வெள்ளைச் சேலையிலேயே வாழ்ந்தார்.

இன்றும் கேட்கும் குரல்

தமிழில் பேசும் படம் வந்தது 1931-ல். அதன் பிறகு இரண்டே ஆண்டுகள் கிட்டப்பா உயிரோடு இருந்தார். ஒரு படத்திலும் அவர் நடிக்கவில்லை. ஆகவே, அவர் மேடையில் எப்படி நடந்தார், எப்படிச் சிரித்தார் என்று இனி யாரும் பார்க்க முடியாது. இசைத்தட்டுகளில் பதிந்த குரல் ஒன்றுதான் மிச்சம்.

அந்தக் குரலைக் கேட்டு வளர்ந்தவர்கள் பலர். சோழவந்தானை அடுத்த தென்கரையில் பிறந்த டி. ஆர். மகாலிங்கம், கிட்டப்பாவைத் தன் மானசீக குருவாகக் கொண்டவர். 1945-ல் "ஸ்ரீவள்ளி" படத்தில் மகாலிங்கம் முருகனாக நடித்துப் பாடியபோது, கிட்டப்பாவை மேடையில் கண்டிருந்த ரசிகர்கள் கண் கலங்கினார்கள்.

தேய்ந்த இசைத்தட்டின் இரைச்சலுக்கு நடுவே இப்போதும் கிட்டப்பாவின் பாட்டைக் கேட்கலாம். பாடுகிறவர் இருபதுகளில் இருக்கும் ஓர் இளைஞர். குரலில் களைப்பே இல்லை. இன்னும் நெடுங்காலம் பாடப்போகிறவர் போலவே பாடுகிறார்.