தண்ணீரில் ஓடிய எந்திரம்!

அமெரிக்காவில் பிலடெல்பியா நகரில் வாழ்ந்தவர் ஜான் கீலி.

தண்ணீரிலிருந்து புதிய சக்தி எடுத்து எந்திரத்தை ஓட்டுவதாகச் சொன்னார். 1874-ல் ஓட்டியும் காட்டினார். நிலக்கரிச் செலவே இராது என்று நம்பிப் பலர் பணத்தைக் கொட்டினார்கள்.

ரகசியத்தை மட்டும் அவர் வெளியிடவில்லை. கோர்ட்டு கேட்டும் மறுத்ததால் 1888-ல் சிறை சென்றார். அதன் பிறகும் கிளாரா மூர் என்ற பணக்கார விதவை உதவினார்.

1898-ல் கீலி இறந்தார். மறு ஆண்டு அவருடைய பட்டறையைச் சோதித்தார்கள். தரைக்கு அடியில் சுமார் 3 டன் எடையுள்ள பெரிய இரும்பு உருண்டை இருந்தது! மெல்லிய குழாய்களும் அகப்பட்டன. எந்திரத்தை ஓட்டியது தண்ணீர் அல்ல, அழுத்தி அடைத்த காற்றே என்று சோதித்தவர்கள் கூறினார்கள்.

ஹைட்ரஜன் எரிந்தால் கிடைப்பது தண்ணீர். சாம்பல் மறுபடி எரியுமா? தண்ணீரைப் பிரிக்கச் செலவாகும் சக்தி முழுவதும் திரும்பக் கிடைக்காது. இது தெரியாமல் பணம் போட்டவர்களுக்குக் கடைசிவரை ஓர் எந்திரமும் கிடைக்கவில்லை.