கறையானை அறிந்த மருத்துவர்

சிதம்பரத்தை அடுத்த கீரப்பாளையம் போன்ற ஊர்களில், மழை பெய்து ஓய்ந்த மாலைப்பொழுதில் விளக்கைச் சுற்றி ஈசல்கள் மொய்க்கும். சற்று நேரத்தில் இறக்கைகளை உதிர்த்துவிட்டுத் தரையில் ஊர்ந்து மறையும். வேறொரு நாளில் அதே வீட்டுச் சுவரில் மண்கோடு ஒன்று மேலேறும். கதவுநிலையைத் தட்டினால் உள்ளே கூடாக ஒலிக்கும். பறந்து வந்த பூச்சியும் மரத்தை அரிக்கும் வெண்ணிறப் பூச்சியும் ஓரினமே என்பது, புற்றிலிருந்து ஈசல் புறப்படுவதை ஆண்டுதோறும் காணும் மக்களுக்குப் புதுச்செய்தி அன்று. ஐரோப்பிய அறிஞர்களுக்கோ அஃது எளிதில் விளங்கவில்லை. உயிரினங்களை வகைப்படுத்துவதில் புகழ்பெற்ற சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ், 1758இல் வெளியிட்ட நூற்பதிப்பில் கறையானை இறக்கையற்ற பூச்சிகளோடு, பேனும் தெள்ளுப்பூச்சியும் இருந்த வரிசையில் வைத்தார். புட்டியில் அடைத்து அனுப்பப்பட்ட பூச்சியைக் கண்டு பெயரிடுவோர்க்கு அதன் வாழ்க்கை தெரிவதில்லை. அந்தக் குறையைத் தீர்க்கப் புற்று இருக்கும் நாட்டிற்கே வந்தவர், லின்னேயஸின் மாணவர் யோகான் கெரார்டு கோனிக்.

கோனிக் 1728 நவம்பர் 29ஆம் நாள் பால்டிக் கடலோர லிவோனியாவில் பிறந்தார். அப்பகுதி இன்றைய லாத்வியாவில் உள்ளது. 1757இல் லின்னேயஸிடம் பயின்றார். பின்னர் டென்மார்க்கில் தங்கி, 1765இல் ஐஸ்லாந்து சென்று செடிகொடிகளைத் திரட்டினார். பனித்தீவில் பணியாற்றியவர் மூன்றே ஆண்டுகளில் காவிரிக் கழிமுகத்தில் வந்திறங்கினார். சிதம்பரத்திற்குத் தெற்கே, கொள்ளிடத்தைக் கடந்து சென்றால் கடலோரத்தில் உள்ள தரங்கம்பாடி 1620 முதல் டேனியரின் வணிகத்தலமாக விளங்கியது. அங்கிருந்த சமயப்பணி மன்றத்தின் மருத்துவராக 1768இல் அவர் பொறுப்பேற்றார்.

நோயாளிகளைக் கவனித்த நேரம் போக எஞ்சிய பொழுதெல்லாம் செடிகளையும் பூச்சிகளையும் தேடுவதிலேயே கழிந்தது. திரட்டியவற்றை ஐரோப்பாவிற்கு அனுப்பினார். லின்னேயஸின் மற்றொரு மாணவரான ஃபாப்ரீசியஸ், அவர் அனுப்பிய பூச்சிகள் பலவற்றிற்குப் பெயரிட்டு நூலேற்றினார். ஆயினும், கோனிக் தம் கைப்பட எழுதியவற்றுள் தலையாயது கறையானைப் பற்றிய கட்டுரையே. அது 1779இல் பெர்லின் நகர இயற்கை ஆய்வாளர் கழகத்தின் இதழில் செருமானிய மொழியில் வெளிவந்தது. ஆப்பிரிக்கக் கறையான்களைப் பற்றி ஸ்மீத்மன் எழுதிய புகழ்மிக்க கட்டுரை வெளிவந்தது 1781இல்தான்.

கறையானை அடையாளம் காண்பதில் உள்ள இடர், ஒரே புற்றில் வாழ்வன ஒன்றுபோல் இல்லாமைதான். வேலைக்காரக் கறையான் மென்மையான வெண்ணிற உடலுடையது. காவற்கறையானுக்குத் தலை பெரிது, தாடை கூரியது. ஈசலுக்கு இறக்கையும் கண்ணும் உண்டு. முட்டையிடும் அரசியோ விரல்போல் பருத்து நகர முடியாமல் கிடக்கும். தனித்தனியே கண்டால் நான்கு பூச்சிகள் என்றே எவரும் எண்ணுவர். புற்றின் உள்ளறைகளில் தேனடைபோல் இருக்கும் புற்றாஞ்சோற்றில் பூஞ்சை வளர்வதையும் கோனிக் கண்டெழுதினார். கறையான் பூஞ்சை வளர்த்து உண்கிறது என்பது பிற்கால ஆய்வுகளால் உறுதிப்பட்டது.

அக்கட்டுரையின் சுவையான பகுதி மக்கள் ஈசல் பிடிக்கும் முறையைப் பற்றியது. புற்றில் இரு துளையிட்டு, காற்று செல்லும் பக்கத்துத் துளையில் பானையின் வாயைப் பொருத்துவர். பானையின் உட்புறத்தில் கறிவேப்பிலையைத் தேய்த்திருப்பர். காற்று வரும் பக்கத்தில் நாற்றமுள்ள பொருள்களை எரித்துப் புகையூட்டுவர். புகைக்கு அஞ்சிய ஈசல்கள் பானைக்குள் பாயும். சில வேளைகளில் நல்லபாம்பும் உடன்வரும் என்பதால் விழிப்போடு இருப்பர். பிடித்த ஈசலை மாவோடு சேர்த்துப் பண்டம் செய்து, ஏழையரும் வாங்கத்தக்க விலைக்கு விற்பர். அருவருப்போ ஏளனமோ இன்றி இதை ஓர் அறிவாகவே கோனிக் பதிவு செய்தார். ஆயினும் பானை பிடித்தவர்களின் பெயர்கள் அறிவியல் நூல்களில் இடம்பெறவில்லை. கோனிக்கின் பெயரோ அந்தக் கறிவேப்பிலையிலேயே நிலைத்துவிட்டது. 1771இல் லின்னேயஸ் அச்செடிக்கு இட்ட பெயரின் இரண்டாம் சொல்லான ‘கோனிகி’ இம்மாணவரைக் குறிப்பதே.

கறையானை வெள்ளெறும்பு எனப் பொருள்படும் சொல்லால் ஐரோப்பியர் வழங்கினர். அது பிழையான பெயர். எறும்பின் உணர்கொம்பு முழங்கைபோல் மடிந்திருக்கும். கறையானுக்கு மணி கோத்ததுபோல் நேராக இருக்கும். எறும்பின் இடை ஒடுங்கியது. கறையானின் உடல் மார்பிலிருந்து வயிறுவரை ஒரே அகலமுடையது. இறக்கை முளைத்த எறும்புக்கு முன்னிறக்கை பெரிது, பின்னிறக்கை சிறிது; ஈசலுக்கோ நான்கும் ஏறத்தாழ ஒரே அளவின. இன்றைய அறிவியல் கறையானைக் கரப்பான்பூச்சியின் வரிசையில் சேர்த்திருக்கிறது.

மன்றம் தந்த ஊதியம் கோனிக்கின் பயணங்களுக்குப் போதவில்லை. எனவே, 1774இல் ஆர்க்காட்டு நவாபிடம் இயற்கை ஆய்வாளராகச் சேர்ந்தார். 1778இல் கிழக்கிந்தியக் கம்பெனி அவரை அமர்த்திக்கொண்டது. கம்பெனிக்குப் பயன்தரும் செடிகளையும் கனிமங்களையும் தேடிச் சயாம், மலாக்கா நாடுகளுக்குச் சென்றார். அப்பயணக் குறிப்பு அச்சேற நூறாண்டுகளுக்கு மேலாயிற்று. ஓயாது திரட்டிய அவருக்கு, திரட்டியதை எழுதி முடிக்க வாழ்நாள் போதவில்லை.

1784இல் கல்கத்தா நோக்கிப் புறப்பட்ட அவர், வழியில் விசாகப்பட்டினத்தில் இருந்த மருத்துவர் பாட்ரிக் ரசலைச் சந்தித்தார். அதன்பின் வயிற்றுக்கடுப்பு அவரைப் பற்றியது. சாமல்கோட்டையிலிருந்து வந்து செடிநூல் வல்லுநர் ராக்ஸ்பர்க் மருத்துவம் செய்தும் பயனில்லை. 1785 சூன் 26ஆம் நாள் காக்கிநாடாவை அடுத்த ஜகந்நாதபுரத்தில் தம் 56ஆம் வயதில் கோனிக் காலமானார். அவர் வகித்த பதவி ரசலுக்குச் சென்றது. கையெழுத்துப்படிகள், அவரது விருப்பப்படியே, இலண்டனில் இருந்த ஜோசப் பேங்க்ஸிடம் சேர்ந்தன. புல்லைச் சுமந்துகொண்டு பகலிலும் வெளியே நடமாடும் தென்னிந்தியக் கறையான் ஒன்றிற்கு, ‘பாதைகளுக்கு உரியது’ எனப் பொருள்படும் ‘வியாரம்’ என்னும் இலத்தீன் பெயரை அவர் இட்டிருந்தார். அப்பெயரே இன்றும் வழங்குகிறது.