தொழிலாளிக்குக் கணக்குக் கற்பித்த கோ. நடேசய்யர்

மலையக மக்களின் வரலாற்றை எடுத்து நோக்குவோமானால், அது ஒரு வகையில் கணக்குப் புத்தகத்தின் வரலாறாகவே இருப்பதைக் காண்கின்றோம். தோட்டத் தொழிலாளி எத்தனை நாள் வேலை செய்தான், எத்தனை பேர் விழுந்தது, அரிசிக்கு எவ்வளவு பிடித்தம், கங்காணியிடம் எவ்வளவு கடன் என்பவற்றையெல்லாம் பிறரே எழுதினர். எழுதியவர்களின் கணக்குச் சரியா என்று கேட்பதற்கு எழுதப்பட்டவனுக்கு எழுத்தும் தெரியாது, சட்டமும் தெரியாது. இந்த நிலையை மாற்ற முன்வந்தவர்களில் முதல்வராக வைத்து எண்ணப்பட வேண்டியவர் கோ. நடேசய்யர் என்பதில் ஐயமில்லை. அவரைத் தொழிற்சங்கத் தந்தையாகவும் பத்திரிகையாளராகவும் நாம் அறிவோம். ஆனால் அவர் அடிப்படையில் ஒரு வணிகக் கல்வி ஆசிரியர் என்பதையும், அந்தக் கல்வியே அவரது மலையகப் பணிக்கு அடித்தளமாய் அமைந்தது என்பதையும் நாம் போதியளவு சிந்தித்ததில்லை.

1887 ஆம் ஆண்டு தஞ்சாவூர்ப் பகுதியில் பிறந்த கோதண்டராம நடேசய்யர், அங்கேயே கல்வி கற்று, பாடசாலையில் வணிக பாடங்களைப் போதிக்கும் ஆசிரியராகப் பணியாற்றினார். கணக்கியல், காப்புறுதி போன்ற துறைகளில் தமிழில் நூல்கள் அரிதாயிருந்த அக்காலத்தில் அவற்றைப் பற்றித் தமிழிலேயே எழுதினார். 'வர்த்தக மித்திரன்' என்னும் பத்திரிகையையும் நடத்தினார். ஆங்கிலம் அறியாத வியாபாரியும் தனது வரவு செலவைத் தானே எழுதிச் சரிபார்க்க வேண்டும் என்பதே அம்முயற்சிகளின் நோக்கமாக இருந்தது எனலாம். அந்தப் பத்திரிகையின் தொடர்பே அவரை 1910களில் இலங்கைக்கு அழைத்து வந்தது. கொழும்பிலிருந்த இந்திய வர்த்தகர்களைச் சந்திக்க வந்தவர், தோட்டங்களில் வாழும் தம் நாட்டு மக்களின் நிலையை அறிய விரும்பி மலைநாட்டுக்குப் பயணமானார்.

அன்றைய தோட்டம் ஒரு மூடிய உலகம். துரையின் அனுமதியின்றி வெளியார் எவரும் உள்ளே செல்ல முடியாது. மீறிச் சென்றால் அத்துமீறிப் பிரவேசித்த குற்றம். உறவினரைப் பார்க்கச் செல்வதற்கே தடையிருந்த இடத்தில் படித்த ஒருவர் விசாரணைக்கென்று செல்வது எவ்வாறு சாத்தியமாகும்? லயங்களுக்குள் தடையின்றிச் சென்றுவரக் கூடிய வெளியார் ஒரு சாராரே இருந்தனர். அவர்கள் துணி மூட்டையைச் சுமந்து செல்லும் சிறு வியாபாரிகள். மலைநாட்டு நகரங்களில் கடை வைத்திருந்த தமிழரும் முஸ்லிம்களும் தோட்ட மக்களோடு கொண்டிருந்த தொடர்பு இத்தகைய வியாபாரத்தின் வழியே வளர்ந்தது என்பதை நமது மூத்த தலைமுறையினர் நன்கறிவர். நடேசய்யரும் புடவை வியாபாரியாக வேடம் பூண்டார். துணியை விரித்து விலை கூறியவாறே லயத்து வாசலில் அமர்ந்து அம்மக்களின் கதையைக் கேட்டார்.

அங்கே அவர் கண்டதை ஒரு கணக்காசிரியரின் கண்ணோடு கண்டார். தொழிலாளி தமிழகத்திலிருந்து புறப்படும்போதே அவன் பெயரில் கடன் எழுதப்பட்டு விடுகின்றது. வழிச்செலவும் முற்பணமும் கங்காணியின் ஏட்டில் ஏறுகின்றன. தோட்டத்தில் வழங்கப்படும் அரிசியின் விலை சம்பளத்தில் பிடிக்கப்படுகின்றது. வேலைக்கு வரும் ஒவ்வோர் ஆளுக்கும் கங்காணிக்குத் தனியே பென்ஸ் காசு கிடைக்கின்றது. தொழிலாளி வேறு தோட்டத்துக்குச் செல்ல விரும்பினால், துரை ஒரு துண்டுக் கடிதம் எழுதிக் கொடுப்பார். இத்தொகையைச் செலுத்துவோர் இவனையும் இவன் குடும்பத்தையும் எடுத்துக் கொள்ளலாம் என்பதே அதன் பொருள். கடன் தோட்டம் விட்டுத் தோட்டம் சென்றது. அதன் பின்னால் மனிதர்கள் சென்றார்கள். ஒப்பந்தத்தை மீறி விலகிச் சென்றால் 1865 ஆம் ஆண்டின் தொழிற் சட்டத்தின்படி சிறைத்தண்டனையும் உண்டு. சாதாரணக் கடன் வழக்கு உரிமையியல் நீதிமன்றத்துக்கு உரியது. தோட்டத் தொழிலாளியின் விடயத்தில் மட்டும் அது குற்றவியல் விவகாரமாக்கப்பட்டிருந்தது.

1920 இல் இலங்கையில் நிலையாகத் தங்கத் தீர்மானித்த நடேசய்யர், 1921 இல் 'தேசநேசன்' பத்திரிகையின் ஆசிரியப் பொறுப்பை ஏற்றார். அதே ஆண்டில்தான் 43 ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. இந்திய அரசாங்கத்தின் அழுத்தமும் இலங்கையில் எழுந்த கண்டனங்களும் அதற்குக் காரணங்களாயின. ஆனால் சட்டப் புத்தகத்தில் ஒழிக்கப்பட்டது லயத்திலும் ஒழிந்து விட்டதா என்பது வேறு கேள்வி. தனது கடன் சட்டப்படி செல்லாது என்று தொழிலாளிக்கு யார் சொல்வது? அந்த வேலையைத் தமிழ்ப் பத்திரிகை செய்ய வேண்டும் என்று நடேசய்யர் கருதினார். 1924 இல் அவர் ஆரம்பித்த 'தேசபக்தன்' தோட்டத் துரைமாரின் கடுங்கோபத்துக்கு ஆளாயிற்று.

இவ்விடத்தில் அன்றைய இலங்கையின் வரிமுறையையும் நாம் நோக்க வேண்டும். 1848 ஆம் ஆண்டின் வீதிச் சட்டத்தின் வழிவந்த தலைவரி அப்போதும் நடைமுறையில் இருந்தது. இரண்டு ரூபாயைச் செலுத்த இயலாதவர் ஆறு நாட்கள் வீதியில் வேலை செய்ய வேண்டும். பணக்காரனுக்கும் அதே இரண்டு ரூபாய், ஏழைக்கும் அதே இரண்டு ரூபாய். 1922 இல் ஏ.ஈ. குணசிங்கவும் அவரது தோழர்களும் இவ்வரியைச் செலுத்த மறுத்து, வீதியில் கல்லுடைக்க முன்வந்து போராடினர். சில ஆண்டுகளுக்குள் அவ்வரி நீக்கப்பட்டது. அந்தக் குணசிங்கவின் இலங்கைத் தொழிற்சங்கத்திலேயே நடேசய்யரும் இணைந்து, அதன் உபதலைவராகப் பணியாற்றினார். அநீதியான வரியை மக்கள் ஒன்றுபட்டு எதிர்த்தால் அரசாங்கம் இறங்கிவரும் என்பதற்கு அக்காலக் கொழும்பு நேரடிச் சான்றாக விளங்கியது. பின்னர் குணசிங்க இந்தியத் தொழிலாளருக்கு எதிரான போக்கை மேற்கொண்டபோது, நடேசய்யர் அவரை விட்டு விலகினார்.

தலைவரி கண்ணுக்குத் தெரியும் வரி. கண்ணுக்குத் தெரியாத வரி ஒன்றும் இருந்தது. குடியேற்ற அரசாங்கத்தின் வருமானத்தில் பெரும்பகுதி சுங்கத் தீர்வைகளிலிருந்தே கிடைத்தது. நெல் மீதான வரி 1892 இல் ஒழிக்கப்பட்ட பின்னரும் இறக்குமதி அரிசி மீதான தீர்வை தொடர்ந்தது. இறக்குமதி அரிசியையே உண்டு வாழ்ந்த தோட்டத் தொழிலாளி ஒவ்வொரு கொத்து அரிசியிலும் அரசாங்கத்துக்கு வரி செலுத்தினான். மறுபுறத்தில், தேயிலைக் கம்பனிகளும் பெருஞ் செல்வரும் ஈட்டிய வருமானத்தின் மீது இலங்கையில் 1932 வரை வருமான வரி என்பதே இருக்கவில்லை. அவ்வாண்டின் 2 ஆம் இலக்கச் சட்டமே அதனை முதன்முதலில் விதித்தது. ஆகவே, தோட்டத் தொழிலாளி இந்நாட்டுக்கு எதுவும் கொடுக்காதவன் என்ற கூற்று எக்காலத்திலும் உண்மையாக இருந்ததில்லை.

1920களின் நடுப்பகுதியில் இந்தியர்களின் பிரதிநிதியாகச் சட்டநிரூபண சபைக்குள் நுழைந்தார் நடேசய்யர். 1927 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் குறைந்தபட்ச வேதனத்தை ஏற்படுத்தியது. அதன்படி 1929 இல் மலைநாட்டு ஆண் தொழிலாளிக்கு நாளொன்றுக்கு 54 சதமும், மத்திய பகுதியில் 52 சதமும், தாழ்நாட்டில் 50 சதமும் நிர்ணயிக்கப்பட்டன. அரிசிக்கு அறவிடக்கூடிய உச்ச விலையும் புசல் ஒன்றுக்கு 4 ரூபாய் 80 சதமென வரையறுக்கப்பட்டது. உலகப் பொருளாதார மந்தம் வந்ததும் இந்த வேதனமே வெட்டுக்குள்ளாகி, 1933 இல் மலைநாட்டில் 49 சதமாயிற்று. இலாபம் பெருகிய காலத்தில் பங்கு கேட்கப்படாதவனிடம் நட்டத்தில் மட்டும் பங்கு கேட்கப்பட்டது.

அந்த நெருக்கடியின் தொடக்கத்திலேயே, 1931 இல், ஹற்றனைத் தளமாகக் கொண்டு அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நடேசய்யர் அமைத்தார். கொழும்பிலிருந்து மலையேறி, தொழிலாளரின் மத்தியிலேயே சங்கத்தை நிறுவியது அக்காலத்தில் துணிச்சலான செயல். அவரது துணைவியார் மீனாட்சி அம்மையார் பத்திரிகைப் பணியில் பங்கெடுத்ததோடு, கூட்டங்களில் பாடல்களைப் பாடி மக்களைத் திரட்டினார். வாசிக்கத் தெரியாதவர்களிடம் பத்திரிகை செல்லாத இடத்துக்குப் பாட்டு சென்றது. 1931 இல் 'நீ மயங்குவதேன்' என்ற நூலையும், 1937 இல் 'தொழிலாளர் அந்தரப் பிழைப்பு' என்ற நாடகத்தையும் அவர் வெளியிட்டார்.

எனினும் நமது நோக்கில் அவரது நூல்களில் தனிக் கவனத்துக்குரியது 1939 இல் வெளிவந்த 'தொழிலாளர் சட்டப் புஸ்தகம்' ஆகும். சட்டம் ஆங்கிலத்தில் இருந்தது. அதை அறிந்தவர் துரையும் வழக்கறிஞருமே. அந்தச் சட்டத்தைத் தமிழில் கொண்டுவந்து தொழிலாளியின் கையில் கொடுக்கும் முயற்சி, தஞ்சாவூரில் கணக்கியலைத் தமிழில் எழுதிய ஆசிரியரின் அதே முயற்சியின் தொடர்ச்சியே. உரிமை உண்டு என்று மேடையில் முழங்குவது வேறு. எந்தச் சட்டத்தின்படி என்ன உரிமை, எந்தப் பிடித்தம் சரி, எது தவறு என்று எழுதிக் கொடுப்பது வேறு. இரண்டாவது வேலைக்கு ஆரவாரம் கிடைப்பதில்லை. ஆயினும் பிரட்டுக்களத்தில் ஒரு தொழிலாளி நிமிர்ந்து கேள்வி கேட்பதற்கு அதுவே துணை செய்கின்றது.

1936 இல் ஹற்றன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவான நடேசய்யர், அச்சபையிலேயே தமது வாழ்வின் கசப்பான விவாதங்களுக்குச் சாட்சியானார். கிராம சபைகள் பற்றிய 1937 ஆம் ஆண்டின் சட்டமூலம் அவற்றுள் ஒன்று. வரி அறவிடவும் வீதி, சுகாதாரம் முதலியவற்றைக் கவனிக்கவும் அதிகாரம் பெற்ற அச்சபைகளின் தேர்தலில், தோட்ட லயங்களில் வசிப்போருக்கு வாக்குரிமை மறுக்கப்பட்டது. தோட்டம் தனியார் சொத்து, அங்குள்ளோரின் தேவைகளைத் தோட்ட நிர்வாகமே கவனிக்கின்றது என்று காரணம் கூறப்பட்டது. இந்தியப் பிரதிநிதிகள் எதிர்த்தனர். இந்திய அரசாங்கமும் ஆட்சேபித்தது. பலன் கிட்டவில்லை.

பிற்காலத்தில் அவரது செல்வாக்குக் குன்றியது. 1939 இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் உதயமானதன் பின்னர் தொழிலாளர் பெருமளவில் அதன் பக்கம் சென்றனர். ஒரு தனி மனிதரின் உழைப்பில் பெரிதும் தங்கியிருந்த சங்கத்தின் பலவீனமும் அப்போது வெளிப்பட்டது. இதனை நாம் மறைக்க வேண்டியதில்லை. 1947 பொதுத் தேர்தலில் மஸ்கெலியாவில் தோல்வியுற்ற நடேசய்யர், அவ்வாண்டு நவம்பர் மாதம் காலமானார். அதற்கு அடுத்த ஆண்டிலேயே 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. யாருக்காக அவர் சட்டப் புத்தகம் எழுதினாரோ, அந்த மக்களில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவராக்கப்பட்டனர். 2003 ஆம் ஆண்டின் சட்டம் வரை அந்தக் காயம் ஆறாதிருந்தது.

கிராம சபை விவாதத்தின் நிழல் அதைவிட நீண்டது. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, தோட்டப் பகுதிகளில் சபை நிதியைச் செலவிடுவதற்குத் தடையாக இருந்தது. தோட்ட மக்கள் வாக்களித்து உறுப்பினர்களைத் தெரிவு செய்தனர். அவ்வுறுப்பினர்களால் தமது வாக்காளரின் லயத்துப் பாதையைச் செப்பனிட முடியவில்லை. 2018 இல் அச்சட்டம் திருத்தப்பட்ட பின்னரே இத்தடை நீங்கியது. அதற்கு எட்டு தசாப்தங்கள் செல்ல வேண்டியிருந்தது.

இன்று நம் மத்தியில் கங்காணியின் ஏடு இல்லை. ஆனால் படிக்கத் தெரியாத கணக்குகள் இன்னும் உள்ளன. 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 18 சதவீதமாக உயர்ந்தது. அதே ஆண்டில் 18 வயதைக் கடந்தோர் வரி அடையாள இலக்கம் பெற வேண்டும் என்று விதிக்கப்பட்டபோது, இலக்கம் பெற்றாலே வரி கட்ட வேண்டும் என்று அஞ்சியோர் பலர். உண்மையில், சட்டம் ஒதுக்கியுள்ள விடுதொகைக்கு மேற்பட்ட வருமானத்துக்கே வருமான வரி உண்டு. 2025 ஏப்ரலில் அத்தொகை ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபாயாக்கப்பட்டது. பெறுமதி சேர் வரிக்குப் பதிவு செய்யாத கடைக்காரர் வாடிக்கையாளரிடம் அவ்வரியைத் தனியே அறவிட முடியாது என்பதும் சட்டமே. சம்பளச் சீட்டில் ஊழியர் சேமலாப நிதிக்காகத் தொழிலாளியிடம் பிடிக்கப்படும் 8 சதவீதத்துடன், தொழில் தருநர் தம் பங்காக 12 சதவீதம் செலுத்த வேண்டும் என்பதும் பலருக்குத் தெரியாது. ஹற்றனிலும் நுவரெலியாவிலும் சிறு கடை நடத்தும் தமிழ், முஸ்லிம் சகோதரர்களில், சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ வரும் வரிக் கடிதத்தை வாசிக்க இன்னொருவரைத் தேடிச் செல்வோர் இப்போதும் உளர்.

நடேசய்யருக்கு நினைவு விழா எடுப்பது நல்லது. சிலை வைப்பதையும் நாம் குறைகூறவில்லை. ஆனால் அவர் 1939 இல் செய்த காரியத்தை இன்றைய சட்டங்களுக்குச் செய்து கொடுப்பதே அவருக்குச் செலுத்தக்கூடிய தகுந்த மரியாதையாகும். மலையகத்தின் தொழிற்சங்கங்களும், வர்த்தக சங்கங்களும், பள்ளிவாசல், ஆலய நிர்வாகங்களும், கணக்கியல் கற்ற நமது இளைஞர்களும் ஒன்றிணைந்தால், சம்பளச் சீட்டையும் வரிப் படிவத்தையும் எளிய தமிழில் விளக்கும் ஒரு சிறு நூலை வெளியிடுவது கடினமான காரியமன்று. அந்த நூல் முதலில் சென்று சேர வேண்டிய இடம், நடேசய்யர் அன்று துணி மூட்டையுடன் அமர்ந்திருந்த அதே லயத்து வாசல்தான்.